கயோட்டிக்கு எந்தத் தோட்டா?

ஏப்ரல் 9

காற்று. கோழிக்கூட்டின் கூரை பறந்து சாலைக்கு அந்தப் பக்கம் விழுந்தது. கோழிகளும் கூடவே பறந்தன என்று சொன்னால் கதை இன்னும் எடுப்பாக இருக்கும். நாளை கடையில் அப்படித்தான் சொல்லப்போகிறேன்.

மதியம் அக்கா மகள் ஜனெல் வீட்டில் சாப்பாடு. பிள்ளை முகமே சரியில்லை. கிழக்கு மேய்ச்சல் நிலத்தில் கயோட்டிகள் மறுபடியும் ஆட்டுக்குட்டிகளைத் தூக்க ஆரம்பித்துவிட்டன. நரியை விடப் பெரிசு, ஓநாயை விடச் சிறிசு, வக்கீலை விடத் தந்திரம்.

“மாமா, போன வருஷம் மாதிரி இந்த வருஷமும் குட்டிங்க போச்சுன்னா அவ்வளவுதான். அப்பா சேர்த்த மந்தைன்னு பார்க்க மாட்டேன், மொத்தமா வித்துடுவேன். டவுன்ல பள்ளிக்கூட பஸ் ஓட்ட ஆள் தேடறாங்க.”

“கயோட்டிதானே? மாமாகிட்ட விடு” என்றேன். உருளைக்கிழங்கு வாயில் இருக்கும்போதே வந்துவிட்டது வார்த்தை.

ஏப்ரல் 11

ஹாய்ட் துப்பாக்கிக் கடை. மனிதன் வியாபாரம் செய்கிறானா, வாடிக்கையாளரை விரட்டுகிறானா என்றே தெரியவில்லை.

முதலில் 17 அளவுத் துப்பாக்கி காட்டினான். தோட்டா கொசு அளவு. நம்ம வயோமிங் காற்றில் சுட்டால் பக்கத்து மாநிலத்தில் போய் விழும். அடுத்து 223. “சல்லிசா கிடைக்கும், தோளைக் குத்தாது, கயோட்டிக்குத் தாராளமா போதும்ணே” என்றான். ராணுவத்தில் பையன்கள் தூக்குகிற அளவு. எனக்கு எதற்கு? 243 காற்றுக்கு நன்றாக நிற்குமாம். அதை மானுக்கு வைத்துக்கொள் என்றேன்.

அப்புறம்தான் சுவரில் அதைப் பார்த்தேன். 22-250. குழல் என்ன குழல்! வீட்டுத் தண்ணீர்க் குழாய்த் தடிமன். தோட்டா அத்தனை வேகம். சத்தம் பின்னால்தான் நொண்டி வரும். கயோட்டிக்குத் தான் செத்தது தெரிய அரைநாள் ஆகும். இது அறிவியல். ஏழாம் வகுப்பு வரை படித்ததே எனக்குப் போதும்.

“அண்ணே, இது ஒரே இடத்துல குந்திக்கிட்டு நாள் பூரா வளை அணிலைச் சுடுறவனுக்கு. பெட்டி பெட்டியா சுட்டா குழல் சூடேறும், அதுக்குத்தான் இந்தக் கனம். கயோட்டிக்கு நீங்க இல்ல நடக்கணும்!”

“நான் நடந்த தூரம் உன் கழுதை நடந்திருக்காதுடா.”

“என்கிட்ட கழுதை இல்லையே.”

“அதான் சொல்றேன்.”

ஸ்கோப்பும் வாங்கினேன், இருபத்துநாலு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது. “கிட்ட வரும்போது குறைச்சு வைங்கண்ணே” என்று வண்டி வரைக்கும் பின்னாலேயே வந்தான். பொறாமை.

ஏப்ரல் 12

துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தேன். முதுகு.

ஏப்ரல் 15

இரண்டு நாளாகக் கிழக்கு மேய்ச்சல் நிலத்தில்தான் இருக்கிறேன். பிக்கப் வண்டிக்குப் பின்னால் மேசை போட்டு, மணல் மூட்டையில் குழலைச் சாய்த்து, குறி சரிபார்ப்பு. இருநூறு கஜத்தில் வைத்த அட்டையில் காகிதமே மிச்சமில்லை (அட்டையைக் காற்றும் கொஞ்சம் கிழித்தது). நடுநடுவே ஹாய்ட்டோடு போனில் சண்டை. காற்றுக்கு மேல் கத்த வேண்டியிருந்ததால் தொண்டை கட்டிவிட்டது. ஆடுகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன.

ஏப்ரல் 17

எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன். வேறு யார் உண்மையைச் சொல்லப்போகிறார்கள்?

விடியலில் பேச்சே இல்லாமல் புதருக்குள் உட்கார்ந்து ஊதலை ஊதினேன். அடிபட்ட முயல் கத்துகிற மாதிரி. நான் ஊதினால் முயல்களே அழும். எதிர் மேட்டில் தலை தெரியும், நானூறு கஜத்தில் போட்டுத் தள்ளலாம் என்று ஸ்கோப்பை முழுசாகத் திருகி வைத்திருந்தேன்.

வலது பக்கம் மூச்சுச் சத்தம். திரும்பினால் – எட்டடி தூரத்தில் கயோட்டி. என்னையே பார்க்கிறது. முயல் எங்கே என்று கேட்கிற முகம்.

அந்த இரும்பு மூட்டையைத் திருப்பி ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். ரோமம். கண்ணாடி முழுக்க ரோமம். தலையா, வாலா, வயிறா? ஒவ்வொரு மயிரும் கயிறு மாதிரி தெரிகிறது, கயோட்டியைத்தான் காணோம். சுட்டேன்.

பட்டது ஆடுகளின் தண்ணீர்த் தொட்டி. நடு மையம். அந்தத் தூரத்தில் அப்படி ஒரு குறி வயோமிங்கில் எவனும் வைத்ததில்லை.

ஜனெல் ஓடி வந்தாள். தொட்டியிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு போகிறது. மேட்டுக்கு அந்தப் பக்கம் தாயாடு ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. நான் இங்கே ஊதிக்கொண்டிருந்தபோது, இதன் ஜோடி அங்கே அந்த ஆட்டின் குட்டியைப் பாதி தின்றுவிட்டது. அவள் திட்டியிருக்கலாம். பாதிக் குட்டியைக் கோணியில் எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். எனக்கு வாய் எழவில்லை. எனக்கு!

ஏப்ரல் 18

சாப்பாடு இறங்கவில்லை. 243 வாங்கியிருக்க வேண்டுமோ? தோட்டாவா தப்பு?

ஏப்ரல் 19

காலையில் ஜனெல் வந்தாள். மந்தையை விலைக்குக் கேட்டு ஆள் வரப்போகிறது, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

“மாமா, ஒண்ணு யோசிச்சேன். நீங்க மேசை போட்டுக்கிட்டுக் கத்தினீங்களே, அந்த ரெண்டு நாளும் ஒரு குட்டியும் போகல. நீங்க மூச்சுக் காட்டாம உட்கார்ந்த அன்னைக்குத்தான் போச்சு.”

“அது சும்மா...”

“சும்மா இல்ல. நீங்க அங்கேயே இருங்க. அப்பா ஆடு மேய்க்கறப்போ தங்கின பழைய வண்டியில அடுப்பு, கட்டில் எல்லாம் இருக்கு. இழுத்துட்டு வந்து விடறேன்.”

“துப்பாக்கி?”

“உங்க ஆசைக்கு வச்சுக்குங்க. தோட்டா என்கிட்ட இருக்கட்டும்.”

“வேற என்னம்மா செய்யணும்?”

“பேசுங்க மாமா. எப்பவும் போல.”

இது பாராட்டா? பாராட்டுதான்.

மே 3

பனித்தூறல். வண்டி ஒழுகுகிறது. எண்ணூறு கஜத்தில் நான் ஓநாயைச் சுட்ட கதையை உரக்கச் சொன்னேன். மேட்டில் இரண்டு காதுகள் தெரிந்தன. கொஞ்ச நேரம் கேட்டன. போய்விட்டன.

மே 10

ஹாய்ட் தொட்டி ஓட்டையை அடைக்க வந்தான். என்ன அளவுத் தோட்டா போட்டால் இப்படிச் சுத்தமாகத் துளைக்கும் என்று கேட்டுச் சிரிக்கிறான். ஆட்டுக்கூட்டம் முன்னால் மரியாதை வேண்டாமா?

மே 29

இன்று குட்டிகளுக்கு வால் வெட்டு, அழுக்குச் சேராமல் இருக்க வருஷா வருஷம் செய்வது. எண்ணிப் பார்த்தோம், தொட்டியைச் சுட்ட நாளுக்குப் பிறகு ஒன்றுகூடப் போகவில்லை. ஜனெல் சாயங்காலம் வரைக்கும் பஸ் வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. போகும்போது மட்டும், “கோடைக்கு மந்தையை மலைக்கு ஓட்டறோம் மாமா. வண்டியும் வருது. நீங்களும்தானே?” என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். படுக்கையைக் கட்டி வைத்தாகிவிட்டது.

காதில் கறுப்புப் புள்ளி வைத்த தாயாடு ஒன்று வண்டிப் படியருகே படுத்து அசை போடுகிறது. ஓநாய்க் கதையைத் தொடங்கினேன். இப்போது ஆயிரம் கஜம். அது எழுந்து போகவில்லை. முடிவு வரைக்கும் கேட்டது.