மூன்றாவது மகசின்

மஞ்சள் துணியை அவிழ்த்ததும் தையல் மெஷின் எண்ணெய் மணந்தது. நீங்கள் போய் மூன்று வருடமாகியும் அந்த மணம் போகவில்லை. என் மெஷினுக்கென்று வாங்கிய போத்தலை எடுத்து உங்கள் துவக்குக்கு ஊற்றி முடித்தீர்களே, அதே எண்ணெய். மெஷின் கீச்சுக் கீச்சென்று கத்தும்போதெல்லாம் உங்களை ஏசுவேன். இன்று குசினி மேசையில் அந்தத் துணியை விரித்து வைத்துக்கொண்டு, ஏசுவதற்கு ஆளில்லாமல் இருந்து அழுதேன்.

வாணிதான் அதை எடுக்கச் சொன்னாள். கைத்துவக்குகளை இனி வீட்டில் வைத்திருக்கக் கூடாதென்று சட்டம் வந்திருக்கிறதாம், பொலிஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுக்கலாமாம். டெலிபோனில் ஒரே அரியண்டம், நச்சரிப்பு.

"அது சுடாத துவக்கு பிள்ளை. செர்டிபிகேட்டும் இருக்கு," என்றேன்.

"அப்பாவே இல்லை. பிறகேனம்மா அது உங்களுக்கு? குடுத்துவிடுங்கோ."

பெற்ற மகள் சொல்கிறாள். சரி, கொடுக்கத்தான் போகிறேன். கொடுக்க முன்னம் உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டியது. எத்தனையோ நாள் வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் அதை வாங்கிவந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. லண்டனில் மனோர் பார்க்குக்கு வீடு மாறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று போன மனுஷன் நெற்றியில் விபூதியும் இல்லாமல், கையில் ஒரு பிரவுண் பேப்பர் பார்சலோடு வந்து நின்றீர்கள். எங்கேயோ ஒரு ஹோலில் பழைய ஆயுதங்கள் விற்கும் சந்தையாம். பெல்ஜியத்தில் செய்த பிஸ்டல், முதலாம் உலக யுத்தத்துக்கும் முந்தியது. குழலை இரும்பு வைத்து அடைத்து, இனிச் சுடாது என்று முத்திரையும் குத்தியிருந்தார்கள். நான் அகப்பையும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மெய்யே, உங்களுக்கென்ன விசரே? துவக்குக்குப் பயந்துதானே ஊரை விட்டிட்டு வந்தனாங்கள். இஞ்ச வந்து காசு குடுத்து வாங்கிறியளோ?"

"இது சுடாது, நீர் பயப்பிடாதையும். எங்கட அப்பாட்டையும் அச்சொட்டா இப்பிடி ஒண்டு இருந்தது."

உங்கள் அப்பா என்றதும் நான் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டேன். சுன்னாகத்தில் மாமாவுக்குப் பெற்றோல் ஷெட் இருந்ததும், காசு கொண்டுபோய் வருவதால் லைசென்ஸ் எடுத்து ஒரு பிஸ்டல் வைத்திருந்ததும், வீட்டுக்கு வந்த கள்ளர் அவரைச் சுட்டுப்போட்டதும் கலியாணம் பேசும்போதே எங்கள் வீட்டில் சொன்னவை. அதற்குமேல் நீங்கள் ஒரு சொல் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. தகப்பன் நினைவாக ஒரு இரும்பை வைத்திருக்கட்டும் என்று விட்டேன். சாமியறைக்குள் மட்டும் அது வரக்கூடாது என்றேன். சிரித்தீர்கள்.

அதற்கு மகசின் இல்லை. எனக்கு மகசின் என்றால் டொக்டர் வீட்டில் கிடக்கும் புத்தகம். நீங்கள்தான் பிஸ்டலைக் கவிழ்த்து, பிடியின் அடியில் இருந்த ஓட்டையைக் காட்டினீர்கள். குண்டுகளை அடுக்கி அதற்குள் செருகுகிற ஒரு தகரக்கூடாம். அது இல்லாமல் பிஸ்டல் வெறும் கோதுதானாம்.

"சுடாத துவக்குக்குக் குண்டுக்கூடு என்னத்துக்கு?"

"இல்லாமல் வைக்கேலாது," என்றீர்கள். அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டு எண்ணெய்ப் போத்தலை எடுத்தீர்கள்.

பிறகு தொடங்கியது தேடல். ஊரில் பெற்றோல் ஷெட் முதலாளியின் மகன், இங்கே பெற்றோல் ஸ்டேஷனில் கண்ணாடிக்குப் பின்னால் காசு வாங்கினீர்கள். கார் வராத நேரத்தில் பழைய ஆயுதச் சஞ்சிகைகளில் சின்ன விளம்பரங்களைப் பேனையால் வட்டம் போட்டு, உருண்டை உருண்டையான இங்கிலிஷில் கடிதம் எழுதினீர்கள். பிஸ்டலைப் பஸ்ஸில் கொண்டுதிரிய நான் விடமாட்டேன் என்றதால், கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டி மட்டையை அந்த ஓட்டையின் அளவுக்கு வெட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சந்தை சந்தையாகப் போனீர்கள். கலியாண வீட்டில்கூடப் பொக்கெற்றுக்குள் அந்த மட்டை இருந்ததை நான் கண்டேன்.

முதல் வந்தது உள்ளே போகவே இல்லை. அதே கொம்பனி, அதே பிஸ்டலை இரண்டு சைஸில் செய்திருக்கிறதாம். இது மற்றதற்கு உரியது. இரண்டாவது நன்றாகப் போனது. உங்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்து நானும் கிட்ட வந்தேன். கையை எடுத்தீர்கள், டங்கென்று தரையில் விழுந்தது. திரும்பப் போட்டீர்கள், திரும்ப விழுந்தது. கொளுக்கி பிடிக்கிற வெட்டு ஒரு நூலளவு கீழே இருந்ததாம். விற்ற வெள்ளைக்காரக் கிழவர் முன்னமே சொல்லியிருக்கிறார், பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் குனிந்து அதைப் பொறுக்கி, என் பக்கம் திரும்பாமல் இன்னும் இரண்டு தரம் போட்டுப் பார்த்தீர்கள். நான் அன்று சிரித்திருக்கக் கூடாது.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

மூன்றாவதும் வந்தது. பெல்ஜியத்தில் ஒருவனுக்குக் காசு அனுப்பிவிட்டுக் காத்திருந்தீர்களே, அந்த மனுஷன் அனுப்பவில்லை என்றுதானே கடைசிவரை நினைத்திருந்தீர்கள்? அவன் அனுப்பினான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை தபால்காரன் கொண்டுவந்தான், நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பார்சலை வழியில் சுங்கத்தில் வெட்டித் திறந்து பார்த்து, திரும்ப செலோரேப் ஒட்டி, பார்த்தாயிற்று என்று ஒரு பச்சைத் துண்டும் ஒட்டியிருந்தார்கள். அந்தப் பச்சைத் துண்டைக் கண்டதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

அப்போது எங்கள் விசா புதுப்பிக்கக் கொடுத்து ஏழு மாதம், ஒரு பதிலும் இல்லை. ஊரில் அந்த மாதம் ஒரே குண்டுவீச்சு. திருப்பி அனுப்பினால் வாணியைக் கூட்டிக்கொண்டு எங்கே போய் நிற்பது? ஒரு தமிழன் வீட்டுக்குத் துவக்குச் சாமான் தபாலில் வருகிறது என்று எங்கேயோ ஒரு அரசாங்கக் கந்தோரில் ஒருவன் கொப்பியில் எழுதிவிட்டான் என்றே எனக்குப் பட்டது. இதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று நீங்கள் நூறுதரம் சொல்லியிருந்தீர்கள். தெரிந்தும் பயந்தேன். பொலித்தீன் பையில் சுற்றி, கூழுக்கு வைத்திருந்த பனங்கிழங்கு ஒடியல் மாத் தகர ரின்னின் அடியில் புதைத்தேன். பார்சல் பேப்பரைக் குசினிச் சிங்கில் வைத்து எரித்தேன்.

மூன்றரைக்கு ஷிப்ட் முடிந்து வந்தீர்கள். சப்பாத்தைக் கழற்ற முன்னமே கேட்டீர்கள்.

"தபால் ஏதும் வந்ததோ?"

"இல்லை."

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு என்னால் திரும்பி வர முடியவில்லை. அதற்குப் பிறகு ஐந்தாம் மாதம் விசா வந்தது. அன்றே ரின்னைத் திறந்து எடுத்துத் தந்திருக்கலாம். இவ்வளவு நாள் ஏன் மறைச்சனீர் என்று நீங்கள் கேட்டால் என்ன சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று விட்டேன். அந்தப் பெல்ஜியக்காரனைக் கள்ளன் என்று நீங்கள் திட்டும்போது வெங்காயத்தை இன்னும் சின்னனாக வெட்டிக்கொண்டு நின்றேன். உங்களுக்குக் கூழ் என்றால் உயிர். ஒடியல் மா எடுக்க ரின்னுக்குள் கைவிடும்போதெல்லாம் விரலில் அது முட்டும். மாவை அள்ளிக்கொண்டு கையை எடுத்துவிடுவேன். நீங்கள் இரண்டாம் கோப்பை கேட்பீர்கள்.

பிறகு ஆஸ்பத்திரி. பார்வையாளர் நேரம், பின்னேரம். நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் யன்னலைப் பார்த்தபடி, ஏதோ பக்கத்து வீட்டுக் கதைபோலச் சொல்லத் தொடங்கினீர்கள்.

"அப்பாக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கும் வேலிச் சண்டை. கதியாலை அரை முழம் தள்ளி நட்டுப்போட்டினம் எண்டு. அப்பான்ர கோவம் உமக்குத் தெரியாது. அலுமாரியில இருந்த பிஸ்டலை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போட்டார். அம்மா காலில விழுந்துதான் கூட்டிக்கொண்டு வந்தவ. அண்டைக்கே நான் மகசினைக் கழட்டிக் கிணத்துக்க போட்டிட்டன். கோவம் ஆறினாப் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான்."

நான் பழத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"பத்தாம் நாள் கள்ளர் வந்திட்டாங்கள். அப்பா ஓடிப்போய் அலுமாரியைத் திறந்து அதை எடுத்து நீட்டினார். அவருக்குத் தெரியாது அது வெறும் பிஸ்டல் எண்டு. அதைக் கண்டாப் பிறகுதான் அவங்கள் சுட்டவங்கள். அவர் விசையை இழுத்து இழுத்துப் பாத்தவர். நான் அறை வாசலில நிண்டனான். என்னைத் திரும்பிப் பாத்தவர்."

உங்கள் கையைப் பிடித்தேன். எலும்பாய் இருந்தது.

"அப்பான்ர துவக்கில இனித் திருப்பிப் போடேலாது. இதிலயாவது ஒருக்கால் போட்டிட்டு மூடி வைப்பம் எண்டு பாத்தன். அதுவும் சரிவரேல்லை. அவரிட்ட சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. சொல்லேல்லை."

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். வந்தது, வீட்டில் இருக்கிறது, நான்தான் ஒளித்தேன் என்று. நீங்களே வழி திறந்துவிட்டீர்கள், நான் உள்ளே வரவில்லை. வாணி வந்துவிட்டாள், நேர்ஸ் மணியடித்தாள் என்றெல்லாம் எனக்கு நானே சாக்குச் சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயம். நாளைக்குக் கொண்டுவந்து கையிலேயே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். திரும்பவும் நாளைக்கு.

வீட்டுக்கு வந்து ரின்னைக் கவிழ்த்து, மாவைத் தட்டி, அதைக் கைப்பைக்குள் வைத்தேன். மறுநாள் பஸ்ஸில் போகும்போது முழுவதும் மனதுக்குள் சொல்லிப் பழகினேன். வார்ட் வாசலில் நேர்ஸ் என்னை மறித்து, கதிரையில் இருக்கச் சொன்னாள். விடிய ஆறு மணிக்கே நீங்கள் போய்விட்டீர்கள். கைப்பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். அதற்குள் என்ன இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது.

மூன்று வருடம் நான் அதைப் பிஸ்டலில் போட்டுப் பார்க்கவில்லை. அது பொருந்தாது என்றே வேண்டிக்கொண்டிருந்தேன். பொருந்தாவிட்டால், கொடுத்திருந்தாலும் நீங்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டு வேறொன்றைத் தேடத்தானே போயிருப்பீர்கள் என்று மனதை ஆற்றலாம். இன்று காலை துணியை விரித்தபிறகு, அதை எடுத்துச் செருகினேன். போனது. கொளுக்கி கிளிக்கென்று பிடித்தது. கையை எடுத்தேன், விழவில்லை. கவிழ்த்து உலுப்பினேன், விழவில்லை. ஐயோ, இதைத்தானே அந்த மட்டையை வைத்துக்கொண்டு லண்டன் முழுக்கத் தேடினீர்கள்! உங்கள் குசினிக்குள், நீங்கள் கூழ் குடித்த கதிரையிலிருந்து எட்டினால் தொடுகிற தூரத்தில் கிடந்ததே!

கொஞ்ச நேரம் அப்படியே போட்டு மூடி வைத்தேன், நீங்கள் ஆசைப்பட்டபடி. இவ்வளவையும் எழுதிய பிறகு மகசினைக் கழற்றி எடுத்துவிட்டுப் பிஸ்டலை மட்டும் துணியில் சுற்றிக்கொண்டு போனேன்.

பொலிஸ் ஸ்டேஷனில் ஒரு பொடியன், வாணியின் வயதுதான் இருக்கும். செர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, இதை நீங்கள் தரவேண்டிய கட்டாயம் இல்லையே அம்மா என்றான். வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஃபோர்மை நிரப்பிக்கொண்டே கேட்டான், இதோடு சேர்ந்தது வேறெதுவும் உண்டா, மகசின் ஏதும் என்று.

"இல்லை," என்றேன்.

நீங்கள் நம்பியது போலவே அவனும் நம்பினான்.

இப்போது திரும்பிவந்து, குசினியில் இருந்து மிச்சத்தை எழுதுகிறேன். அது என் கைப்பைக்குள், பஸ் பாஸுக்கும் கோயில் விபூதிக்கும் நடுவில் கிடக்கிறது. அதை ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன். உங்களுடையதைக் கொடுத்துவிட்டேன், இது என்னுடையது. மணி மூன்றரை ஆகிறது. இந்த நேரத்துக்குத்தான் வாசல் படலைச் சத்தம் கேட்கும், சப்பாத்தோடு வாசலில் நிற்பீர்கள். மெய்யே, இன்றைக்கு ஒருக்கால் கேளுங்கோ. தபால் ஏதும் வந்ததோ என்று கேளுங்கோ.

வந்தது. அன்றைக்கே வந்தது.