ஏத்தலின் பென்சில் எழுத்து

மார்ச் 5, 2024

காலை முழுக்க மழை. அட்டைகளைத் தூசி தட்டினேன். எங்கள் மார்ல்பிரிட்ஜ் கிராமத்தின் பழைய படத் தபால் அட்டைகள், நானூற்றுப் பதினொன்று. ஒன்றின் பின்பக்கத்திலும் ஒரு கிறுக்கல் கிடையாது. ராய்ஸ்டனும் என்னைப் போல நாற்பது வருடமாகச் சேர்க்கிறான், என்ன பிரயோசனம்? அவன் அட்டைகளில் பாதி மசி, மீதி ஜாம் கறை.

மார்ச் 7

வியாழன். வாராவாரம் போல லெஸ்லியைப் பார்க்கக் கிளம்பினேன். போக முடியவில்லை.

வயல் வாசலில் புதுப் பூட்டு, முள்கம்பி, ‘தனியார் நிலம்’ என்று பலகை. பண்ணையை வாங்கிய புது மனிதர் அங்கேயே நின்றார். “என் புருஷனோட கல்லறைக்கு இந்த வழியாத்தான் போவேன்” என்றேன். “ரோடு இருக்கேம்மா, அதுல போங்க.”

ரோடு இரண்டு மைல். நடைபாதை கிடையாது. வளைவில் லாரி வருவது மேலே மோதும்வரை தெரியாது. என் முழங்காலுக்கு வயலைத் தாண்டுவதே பெரும்பாடு. அப்படியானால் இனி லெஸ்லியைப் பார்க்கவே முடியாதா?

மார்ச் 12

மாவட்டப் பாதை அலுவலகத்துக்கு போன் செய்தேன். மிஸ் பெட்டிஃபர் என்ற பெண் பேசினாள். அந்த வழியாகத் தேவாலயத்துக்கு நாற்பது வருடம் நடந்திருக்கிறேன் என்றேன். அது போதாதாம். பழைய பண்ணைக்காரர் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அன்றும் அந்த வாசலைப் பூட்டி வைப்பாராம். நாங்கள் நடப்பது அவர் தயவில், எங்கள் உரிமையில் அல்ல என்று காட்ட. ஊரே வீட்டுக்குள் வாத்து தின்றுகொண்டிருக்கும் நாள்! எவன் பார்த்தான்?

“அவர் குடும்பம் 1920ல இங்க வர்றதுக்கு முன்னாடி, ஊர் ஜனங்க அந்த வழியா நடந்தாங்கன்னு யாராவது எழுதி வச்சிருக்காங்களா மேடம்?”

ஜூன் 14க்குள் கொடுக்க வேண்டும்.

மார்ச் 13

எழுதி வைத்திருந்தாள். ஏத்தல் என்று ஒருத்தி. அதை அழித்தவள் நான்.

எண்பத்தெட்டாம் அட்டை. வயல், நடுவே ஒற்றையடிப் பாதை, தூரத்தில் தேவாலயக் கோபுரம். 1991இல் வாங்கும்போது பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. பென்சில்தானே என்று ரொட்டியின் வெள்ளைப் பகுதியை உருட்டி அரை நாள் தேய்த்தேன். அட்டை சேர்க்கிறவர்கள் பலரும் செய்கிறதுதான்; பின்பக்கம் சுத்தமாக இருந்தால்தான் கண்காட்சியில் மதிப்பு. லெஸ்லி டீயோடு வந்து எட்டிப் பார்த்தார். “பாவம், அவ என்னமோ சொல்ல வந்திருக்கா” என்றார். நான் சிரித்தேன்.

மார்ச் 15

ராய்ஸ்டன் டார்ச்சோடு வந்தான். சமையலறைத் திரையை இழுத்துவிட்டு, அட்டையை மேசையில் வைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தான். பென்சில் அழுந்திய தடத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வந்தது! அழுத்தி எழுதுகிறவள் போலிருக்கிறது.

“ஞாயிறு, ஆகஸ்ட் 8, 1909. அன்புள்ள அக்கா, இங்கே ஊரே இந்தப் பாதையில்தான் தேவாலயத்துக்குப் போகிறது. ஏத்தல்.”

“உன் ரொட்டிக்கே அடங்கலையே இவ!” என்றான் ராய்ஸ்டன். நான் அழுதுவிட்டேன். வாசல் வரை போனவன் திரும்பிச் சொன்னான்: “அதைத் தொடாதே, டாஃப்னி. இப்படியே அனுப்பு. உன் கை சும்மா இருக்காது.”

ஏப்ரல் 2

எப்படி அனுப்புவது? அலுவலக மேசையில் பார்த்தால் அது வெறும் அட்டை. கிழவி உளறுகிறாள் என்று ஓரமாகப் போட்டுவிட்டால்? எல்லோரிடமும் ராய்ஸ்டனின் டார்ச் இருக்குமா?

ஏப்ரல் 3

செய்துவிட்டேன்.

கூர்மையான பென்சில். அந்தத் தடங்களின் மேலேயே. ஓர் எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. இது பொய்யா? அவள் எழுதியதைத்தானே எழுதினேன்? பதிவுத் தபாலில் அனுப்பியாகிவிட்டது. ராய்ஸ்டனிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 25

வியாழன். வீட்டில்தான் இருந்தேன்.

ஜூன் 20

மறுத்துவிட்டார்கள். கடிதம் வந்த ஒரு மணி நேரத்தில் மிஸ் பெட்டிஃபரே கூப்பிட்டாள்.

“ஏன் மேடம் இப்படிப் பண்ணீங்க? அது புதுப் பென்சில்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அடியில தடம் இருக்கு, அதை மட்டும் அனுப்பியிருந்தா எங்க ஆளுங்க படிச்சிருப்பாங்க. அதுக்குன்னே விளக்கு வச்சிருக்காங்க. இப்ப அந்தத் தடமும் நீங்க போட்டதுதானேன்னு பண்ணைக்காரரோட வக்கீல் கேக்கறார். நான் என்னன்னு சொல்லுவேன்?”

விளக்கு வைத்திருக்கிறார்களாம். நான் கேட்கவே இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா என்ன, வாயில முத்தா உதிர்ந்திருக்கும்? முட்டாள் கிழவி. முட்டாள்.

ஜூன் 21

ராய்ஸ்டனிடம் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். டீயைக் கடைசிவரை குடித்தான். “ரெண்டு தடவை அவ வாயை அடைச்சிட்டியேம்மா” என்றான்.

ஜூலை 11

அட்டைப் பெட்டியைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 5

வியாழன். நல்ல வெயில். வயல் வாசல் வரை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பாதையில் புல் முழங்கால் உயரம்.

பெட்டியிலிருந்து எண்பத்தொன்பதாம் அட்டையை எடுத்தேன். அதே வயல், இன்னொரு கோணம். நூறு வருடத்துக்கு மேல் ஒரு பொட்டு மை படாத பின்பக்கம். பேனாவால் எழுதினேன்: “செப்டம்பர் 5, 2024. லெஸ்லி, நாற்பது வருடம் இந்தப் பாதையில் நடந்தேன். இன்று வர முடியவில்லை. பூட்டியிருக்கிறார்கள். டாஃப்னி.”

முகவரி: தேவாலயக் கல்லறைத் தோட்டம், மூன்றாம் வரிசை. தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போட்டேன். தபால்காரர் அதை எங்கே கொண்டுபோய் வைப்பாரோ. தேதி முத்திரை அதன்மேல் விழுந்தால் போதும்; பிறகு எழுதியது என்று எந்த வக்கீலும் சொல்ல முடியாது.

சுத்தமான அட்டைகள் இன்னும் நானூற்று ஒன்பது இருக்கின்றன.