சத்திரத்து மாடிக்குக் கீழே

நேற்றுக் காலை கடைவீதி முனையைத் திரும்பியதுமே சுண்ணாம்பு வாசனை வந்தது. வாளியில் அப்போதுதான் நீறத் தொடங்கிய சுண்ணாம்பு, மூக்கின் உள்ளே லேசாகச் சுடுமே, அந்த வாசனை. நிமிர்ந்து பார்த்தால் நம் சத்திரத்தின் முகப்பில் ஏணி சாத்தி இரண்டு பேர் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். வாசல் தூணில் வாழைமரம் கட்டியாயிற்று. மாவிலை ஒரு கூடை நிறையக் காத்துக்கொண்டிருந்தது.

"என்னப்பா விசேஷம்?" என்று கேட்டேன்.

"நாளன்னிக்கு ஆபீசருங்க வராங்கம்மா. பழைய கட்டடத்தை சரி பண்ண கவர்மெண்டு பணம் குடுக்குதாம். பாத்துட்டுப் போக வராங்க. அழுக்கா கெடந்தா நம்ம ஊருக்குத்தானே அசிங்கம்?"

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. நடுக் கடைவீதியில் ஒரு கிழவி தனியாக நின்று சிரிப்பதைப் பார்த்து ஏணியில் இருந்தவனே பயந்துவிட்டான். வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்தபோதுதான் அழுகை வந்தது. நீ இருந்திருந்தால் முதலில் அந்த வாளியைக் காலால் தள்ளிவிட்டு, பிறகுதான் யார் என்ன என்று விசாரித்திருப்பாய். நீ கண்ணை மூடி இது இரண்டாவது மழைக்காலம். இந்தச் செய்தியைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

நீ எங்கள் ஊருக்கு நர்சாக வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். ஏலாக்குறிச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், கல்யாணம் வேண்டாம் என்று பிடிவாதமாக இருப்பவள் என்று உன்னைப் பற்றி முன்கூட்டியே தகவல் வந்திருந்தது. அதுவரை எங்கள் பிரசவ விடுதிக்கு ஒரு பலகை உண்டு, பூட்டு உண்டு, நர்ஸ் கிடையாது. நீ வந்து அந்த வாடகை ஓட்டு வீட்டைத் திறந்து, இரண்டு கட்டிலைப் போட்டு, வாசலில் வெந்நீர் அடுப்பு மூட்டினாய். சத்திரத்துக்கு எதிரே என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். ஒரு மனுவை டைப் அடித்துக்கொள்ள வந்தவள், நான் அடித்ததில் இரண்டு பிழை கண்டுபிடித்தாய். எனக்குக் கோபம் வந்தது. மறுவாரம் நாம் சிநேகிதிகள்.

என் கதை உனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நீ வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் வலி எடுத்து, பூட்டிய விடுதியைப் பார்த்துவிட்டு, வாடகைக் காரில் திருச்சிக்குக் கிளம்பி, புள்ளம்பாடி தாண்டுவதற்குள் என் முதல் பிள்ளை போய்விட்டது. நீ அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. ஓட்டு வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணச் சொன்ன அன்றைக்கு மட்டும் என் மேஜை முன்னால் வந்து உட்கார்ந்து, "இடம் இல்லன்னா விடுதியைப் பெரம்பலூர் பக்கம் மாத்திடுவாங்களாம். நானும் போகணும். திரும்பவும் இங்க பூட்டுத்தான் தொங்கும். நீ என்ன சொல்ற?" என்றாய். நான் டைப்ரைட்டர் உருளையில் புதுத் தாளைச் சொருகினேன்.

அப்போதுதான் நமக்குச் சத்திரம் கண்ணில் பட்டது. தினமும் பார்க்கிற கட்டடம். ஜமீன் காலத்தில் வழிப்போக்கர்களுக்குக் கட்டியது. கடைசியாக ரேஷன் கிடங்காக இருந்து, அதுவும் போய், பல வருஷமாகப் புறாக்களின் வசம். கல்லாகிப்போன கையகல நத்தை ஓடு பதிந்த அதன் வாசல் படிக்கல்லில் உட்கார்ந்து சோளம் விற்பார்கள். வருஷத்தில் ஒரு நாள்தான் அதற்கு உயிர் வரும். தேர் அன்றைக்கு நம் தெருப் பெண்கள் எல்லோரும் பக்கவாட்டுப் படி ஏறி அதன் மாடியில் நின்றுதான் சாமி பார்ப்போம். பழைய பொதுக் கட்டடங்களை மராமத்துப் பண்ண அரசாங்கப் பணம் வருகிறது என்று கேள்விப்பட்டு நீ மனு எழுதச் சொன்னாய். மனுவுக்கு மேல் மனு. கடைசியில் திருச்சியிலிருந்து இன்ஜினீயர் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

அவர் எழுதுகிற வரியில்தான் எல்லாம் இருந்தது. கட்டடம் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் பணம் வேறு ஊருக்குப் போகும். தாங்காது என்று எழுதினால் இடித்துவிடுவார்கள். அப்படி இடித்தால் அந்த மனையில் கடை கட்டக் கடலைமண்டிக்காரர் ஒருவர் காத்திருந்தார். "மேல ஒரு ரூம் ஒதுக்கித் தரேன், அதுல பிரசவம் பாருங்க" என்று உன்னிடமே சொன்னவர் அவர். மாசமான பெண் எப்படி ஐயா மாடி ஏறுவாள் என்று நீ திருப்பிக் கேட்டாய். இரண்டுக்கும் நடுவில், பழுதாகியிருக்கிறது, ஆனால் பழுது பார்த்தால் நிற்கும் என்ற ஒரு வரி நமக்கு வேண்டும். அதுவும் மார்ச் முடிவதற்குள். தவறினால் பணம் திரும்பிப் போய்விடும்.

இன்ஜினீயர் வருவதற்கு முந்தின நாள் நீ உடையார்பாளையம் பக்கம் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தாய். நானும் இன்ஸ்டிட்யூட்டைப் பூட்டிவிட்டு மாமியார் ஊருக்குப் போயிருந்தேன். நாம் இரண்டு பேரும் இல்லாத அந்த ஒரு நாளில் கடைவீதி நமக்கு உதவி செய்துவிட்டது.

மறுநாள் காலையில் வந்து பார்த்தவள் அப்படியே நின்றேன். சத்திரம் கல்யாண வீடாக மாறியிருந்தது. முகப்பெல்லாம் வெள்ளை. வாழைமரம், தோரணம், வாசலில் பெரிய கோலம். உள்ளே ஜமுக்காளம், நடுவில் தேக்கு நாற்காலி, பக்கத்தில் சீவி வைத்த இளநீர். எல்லாவற்றையும் விட மோசம், பந்தல்காரர் கூடம் முழுக்க மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, உடைந்த மேல்தளத்தை ஓர் அங்குலம் விடாமல் மறைத்துவிட்டார். வடக்கு ஓரத்தில் வானம் தெரிகிற ஓட்டைக்கு நேர் கீழே காகிதப் பூ தொங்கியது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கிழிந்த பாயைச் சுருட்டி ஒளித்து வைப்பவர்கள் நாம். அந்தப் புத்திதான் இங்கேயும் வேலை செய்திருந்தது.

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றேன்.

"வாடகையெல்லாம் வேணாம்மா, நர்சம்மாவுக்காகச் செஞ்சது" என்றார் பந்தல்காரர். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவர் மருமகளுக்கு நீதானே பிரசவம் பார்த்தாய்.

பஸ்ஸை விட்டு இறங்கி, பிரசவப் பையும் தூங்காத கண்ணுமாக நீ வந்தாய். வாசலிலேயே நின்று மேலும் கீழும் பார்த்தாய். "யாருக்குடி கல்யாணம்?" என்று நீ கேட்டு முடிப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது.

இன்ஜினீயர் பொறுமையான மனிதர். மாலையை வாங்கிக்கொண்டார், நாற்காலியில் உட்கார்ந்தார், இளநீர் குடித்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, "நல்லாத்தானேம்மா பராமரிச்சு வச்சிருக்கீங்க. இதைவிட மோசமான கட்டடமெல்லாம் வரிசையில நிக்குது. இதுக்கு எதுக்குப் பணம்?" என்றார். குறையாகச் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொன்னார். கடைவீதிக்காரர்கள் பெருமையாகச் சிரித்தார்கள். அவர் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டார்.

நீ பையைத் திறந்து, தொப்புள்கொடி அறுக்கிற கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தூணோரம் போய், துணியை இழுத்துக் கட்டியிருந்த கயிற்றை வெட்டினாய்.

துணி ஒரு பக்கமாகச் சரிந்தது. அதில் சேர்ந்திருந்த காரையும் செங்கல் பொடியும் புறா எச்சமும் பொலபொலவென்று ஜமுக்காளத்தில் கொட்டின. இன்ஜினீயர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். வடக்கு ஓரத்தில் வானம் பளிச்சென்று தெரிந்தது. மண்டிக்காரர் அந்த நேரத்துக்காகவே காத்திருந்ததுபோல முன்னால் வந்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே சார். யார் தலையிலயாச்சும் விழுறதுக்குள்ள இடிச்சிடுறது நல்லது."

இன்ஜினீயர் மேலே பார்த்தார், உன்னைப் பார்த்தார். "ஏம்மா, இதுக்குள்ளயா பிரசவம் பாக்கப் போறீங்க? இது இடிக்க வேண்டிய கட்டடம்மா" என்றார்.

ஒரு குழியிலிருந்து காப்பாற்றப் போய் அடுத்த குழியில் தள்ளிவிட்டாயே என்று எனக்கு உன் மேல் ஆத்திரம் வந்தது. நீ அவரிடம் நிதானமாகச் சொன்னாய்: "வடக்கு மூலை போனது நெசந்தான் சார். மறைக்கல. மத்த எடமெல்லாம் தேக்கு உத்திரம். தேருக்கு எங்க தெருப் பொம்பளைங்க அத்தனை பேரும் இது மேலதான் நிப்போம். கீழ ஒரு பொட்டு மண்ணு விழுந்ததில்ல."

"அதெல்லாம் வாய்ல சொன்னா ஆச்சாம்மா?"

"சொல்லல சார். ஏறிக் காட்டுறோம்."

வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெண்களை நீ கூப்பிட்டாய். "புள்ளத்தாச்சிங்க, கைக்கொழந்தைக்காரங்க வேணாம். மத்தவங்க வாங்க. வடக்குப் பக்கம் மட்டும் யாரும் போயிடாதீங்க." கீரைக்காரி கூடையை இறக்கிவைத்தாள். பூக்காரி கையிலிருந்த சரத்தோடு வந்தாள். உன் கட்டிலில் பெற்றெடுத்தவர்கள் பாதிப் பேர். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படிப் பக்கம் போனேன். நீ என் தோளைப் பிடித்துத் திருப்பினாய்.

"நீ மேல வராத. கூடத்துக்கு நடுவுல போய் நில்லு."

"நானா?"

"கீழ ஒரு ஆளு நின்னாத்தான் இன்ஜினீயரும் உள்ள நிப்பாரு. போ."

கூடத்தின் நடுவில் போய் நின்றேன். ஆண்கள் எல்லோரும், பந்தல்காரர் உள்பட, வாசலுக்கு வெளியே போய்விட்டார்கள். இன்ஜினீயர், "இறங்கச் சொல்லுங்கம்மா, எனக்குப் பொறுப்பில்ல" என்று கத்திக்கொண்டே வாசற்படிவரை போனார். தலைக்கு மேலே முதல் காலடி கேட்டது. அப்புறம் பல காலடிகள். உத்திரம் ஒரு தடவை முனகியது. புள்ளம்பாடிச் சாலையில் காரின் பின்சீட்டில் படுத்திருந்தபோது இப்படித்தான் இருந்தது. ஓட வேண்டும் என்று உடம்பு முழுக்கச் சொல்லிற்று, கால் மட்டும் கேட்கவில்லை.

மேலே ஓட்டை வழியாக உன் குரல் வந்தது. "கீழ நிக்கிறியாடி?"

"நிக்கிறேன்."

"நல்லா சத்தமா சொல்லு!"

"நிக்கிறேன்டி!" என்று கத்தினேன். அந்தக் கத்தலில் பாதி பயம், மீதி உன் மேல் இருந்த கோபம்.

வாசற்படியில் நின்றவர் என்னையே பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஏன் கழற்றினார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. டார்ச்சை அடித்து ஒவ்வோர் உத்திரமாகப் பார்த்துக்கொண்டே போனார். சுவரில் உத்திரம் நுழைகிற இடத்தைக் குச்சியால் தட்டினார். மேலே நீங்கள் எல்லோரும் தேர் வருவதுபோல ஒரு பக்கமாகக் கூடி நின்றபோது ஒரு துளி காரை உதிர்ந்து அவர் கோப்பின் மேல் விழுந்தது. என் உயிரே போயிற்று. அவர் அதை ஊதிவிட்டார்.

"இறங்கச் சொல்லுங்க. மராமத்துப் பண்ணலாம்னு எழுதிக் குடுக்குறேன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆனா ஒண்ணு. இனிமே தேருக்கு யாரும் இது மேல ஏறக்கூடாது. அதையும் எழுதுவேன்" என்றார்.

அன்றைக்கு நீ இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து உட்கார்ந்து, முதல் வேலையாகச் சிலுவை போட்டுக்கொண்டாய். "ஏலாக்குறிச்சி மாதா காப்பாத்துனா" என்றாய். "என் தலையில விழுந்திருந்தா?" என்று கேட்டேன். "வேற யாரை நிக்கச் சொன்னாலும் ஓடியிருப்பாங்க. நீ திட்டுவ, ஓட மாட்ட" என்றாய். அது புகழ்ச்சியா இல்லையா என்று முடிவு கட்ட முடியாமல் ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருந்தேன். அந்தக் கோபத்தில் கொஞ்சம் இன்னும் மிச்சம் இருக்கிறது, உன்னிடம் சொல்வதற்கென்ன.

பணம் வந்தது. வடக்கு மூலையைப் பிரித்துக் கட்டினார்கள். அடுத்த தேருக்கு முன்பே கட்டில்கள் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அதற்கு மறு வருஷம் எனக்கு வலி எடுத்தபோது தெருவைக் கடந்து நடந்தே வந்தேன். கட்டிலில் கிடந்து பல்லைக் கடித்துக்கொண்டு மேலேயே பார்த்தேன். "அங்க என்னடி பாக்குற? அது விழாது. நான் ஏறிப் பாத்துட்டேன். நீ முக்கு" என்று அதட்டினாய். என் மகளின் முதல் அழுகையை அந்த உத்திரங்கள் கேட்டன. அன்றைக்குப் புள்ளம்பாடிச் சாலை எனக்குள் கொஞ்சம் தூரம் தள்ளிப்போயிற்று.

மாடி மட்டும் போய்விட்டது. ஒவ்வொரு தேருக்கும் கூட்டத்தில் இடிபட்டு, எக்கி எக்கிப் பார்த்துவிட்டு, "அந்த மனுசன் எழுதுன எழுத்து" என்று நீ முணுமுணுப்பாய். நான் தேரைப் பார்க்காமல் அந்தக் காலி மாடியைப் பார்ப்பேன்.

இப்போது விடுதி ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. சத்திரத்தில் திரும்பவும் பூட்டு, திரும்பவும் புறா. தெற்கு மூலையில் மழை ஒழுகுகிறது. நாளைக்கு ஆபீசர்கள் வருகிறார்கள். மண்டிக்காரரின் மகன் ஒரு வாரமாக அந்தப் பக்கம் சுற்றுகிறான். இன்று காலை மறுபடி போனேன். உள்ளே வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள், நீ நம்ப மாட்டாய். வேண்டாமப்பா என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க சும்மா இருங்கம்மா, நாங்க பாத்துக்குறோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

என் தையல் கத்தரிக்கோலைப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். மகள், "அம்மா, உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்கிறாள். அந்தக் கூரைக்குக் கீழே பிறந்தவள் கேட்கிற கேள்வியைப் பார். மாடிப்படி ஏற என் முழங்கால் இனி விடாது. ஏறுவதற்கு நீயும் இல்லை. ஆனால் கூடத்துக்கு நடுவில் எந்த இடம் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு அங்கேதான் இருப்பேன். மேலேயிருந்து நீ கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி.

நிக்கிறேன்டி.