படத்தில் இல்லாத வலது ஓரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ வேளைக்கு உண்டு, வேளைக்கு உறங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கு அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. என் ரத்த அழுத்தம்தான் ஞாயிறு முதல் ஏறி நிற்கிறது. காரணம், நீ பக்கம் வடிவமைக்கும் அந்தத் தேசிய நாளிதழ்.

நம் மாநிலத் தொழில்களைப் பற்றி எழுத ஆள் வருகிறது என்று நீ தொலைபேசியில் துள்ளியபோது நானும் மகிழ்ந்தேன். வந்த செய்தியாளர் நம் வால்வுத் தொழிற்கூடத்தில் நாற்பது நிமிடம் இருந்தார். அழுத்தச் சோதனையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை; 'இந்த வெக்கையில எப்படி சார் சிரிச்சிக்கிட்டே வேலை பாக்குறாங்க?' என்பதை மட்டும் மூன்று முறை கேட்டார். கட்டுரையில் 'ஆச்சரியம்' ஏழு இடங்களில் வருகிறது. நாம் ஏற்றுமதி செய்வது ஆச்சரியம், நேரத்துக்கு அனுப்புவது அதைவிட ஆச்சரியம். தலைநகரில் வால்வு செய்தால் அது தொழில்துறை. நாம் செய்தால் 'எளிய மக்களின் கைவண்ணம்'. வெள்ளம் வந்தால் முதல் பக்கம், வேலைநிறுத்தம் என்றால் மூன்றாம் பக்கம், மற்ற நாட்களில் நாம் உயிரோடிருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

அது கிடக்கட்டும், படத்துக்கு வருகிறேன். 'மில்லிமீட்டர்' என்று நாம் கூப்பிடும் லேத் மேஸ்திரி வெறுங்காலுடன் எந்திரத்தருகே நிற்கிறார். கீழே, 'பாதுகாப்பும் அறியாத, பயமும் அறியாத கால்கள்'. ஷூ அணியாதவர் மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது என்பது என் விதி. அந்தச் செய்தியாளருக்கே விருந்தினருக்கென வைத்திருக்கும் ஷூக்களில் நான்காம் எண் ஜோடியை மாட்டித்தான் உள்ளே விட்டேன். சோதனை அறிக்கை எடுக்க நான் அறைக்குப் போன ஐந்து நிமிடத்தில் அவருடன் வந்த புகைப்படக்காரர், 'ஷூவக் கழட்டிட்டு நில்லுங்கண்ணே, இயல்பா இருக்கும்' என்றாராம். மேஸ்திரி 'மெஷின் ஓடுறப்போ கழட்ட மாட்டேன் தம்பி' என்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டே கழற்றியிருக்கிறார். நான் சத்தம் போட்டதற்கு, 'நம்ம பாப்பா ஆபீஸ்லேருந்து வந்தவங்க, முடியாதுன்னு எப்படிங்க சொல்றது?' என்று தலையைக் குனிந்துகொண்டார்.

ஆண்டுதோறும் நம்மிடம் வாங்கும் கப்பல் நிறுவனம் அந்தப் படத்தை இணைத்து, இந்தப் பாதுகாப்பு விதிமீறலுக்கு இருபதாம் தேதிக்குள் தக்க விளக்கம் இல்லையேல் ஒப்பந்தம் ரத்து என்று எழுதியிருக்கிறது. பதினாறு பேரின் வேலை அதில் தொங்குகிறது. உங்கள் ஆசிரியருக்கு மூன்று பக்கம் எழுதினேன். மேஸ்திரியின் வயது ஐம்பத்திரண்டல்ல, ஐம்பத்து மூன்று என்று இரண்டு வரித் திருத்தம் வெளியிட்டார்கள். என்ன ஒரு துல்லியம்!

கழற்றிய ஷூவைக் கண்ட இடத்தில் எறிகிறவரா மேஸ்திரி? வலப்பக்கம் ஓரடி தள்ளி ஜோடியாக வைத்து, மேலே பாதுகாப்புக் கண்ணாடியையும் வைத்தாராம். அச்சான படத்தில் அவருடைய வலது முழங்கையே பாதிதான் இருக்கிறது. மீதி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. வெட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. வெட்டாத படம் வேண்டும். திருட்டுத்தனமாக அனுப்பாதே, ஆசிரியரிடம் எழுத்தில் கேள். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கு. 'பொண்ணு பொழப்புல கைய வெக்காதீங்க' என்கிறாள் அம்மா. அந்தப் பயம் எனக்கும் உண்டு; இருந்தும் கேட்கிறேன்.

நிமிர்ந்த தலையோடு நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசிகள். தபாலுக்கு மூன்று நாள் பிடிக்கும், மறவாதே.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: 'பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, வருத்தப்படும்' என்று மேஸ்திரி என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். மீறிவிட்டேன்.