மைக்கில் சொன்ன நாலு ரூம்

ஜூலை 8, 2024, திங்கள்

பள்ளிக்குப் போன பேத்தி ஸ்ரீஜா போன வேகத்தில் பையோடு திரும்பி வந்துவிட்டாள். சமுதாயக் கூடத்தில் யாருக்கோ வளைகாப்பாம். அதனால் லீவு. பிறக்கப்போகும் பிள்ளைக்காகப் பிறந்த பிள்ளைகளுக்குப் படிப்பு இல்லை.

பள்ளியின் பழைய கட்டடத்தில் இரண்டே அறை. கீழக்குயில்குடி ரோட்டுப் பக்கம் வயலெல்லாம் பிளாட் ஆனபிறகு பிள்ளைகள் கொள்ளவில்லை. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்து வரை கூடத்தில்தான் நடக்கிறது. கூடமோ விசேஷத்துக்கு விடுகிற கூடம். முகூர்த்த நாள் வந்தால் பள்ளி போய்க் கூடம் மட்டும் மிஞ்சுகிறது.

ஜூலை 9

மருமகள் ஸ்ரீலக்ஷ்மி முடிவு சொல்லிவிட்டாள். புதுக் கட்டடம் வராவிட்டால் அடுத்த வருஷம் ஸ்ரீஜாவை டவுன் பள்ளிக்கூடத்துக்கு வேனில் ஏற்றிவிடுவாளாம். விடியுமுன் போய் விளக்கு வைக்கும்போது வரும். எட்டு வயசுப் பிள்ளை.

அவளைக் குறை சொல்ல முடியவில்லை. ஆனாலும் “அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சு யாரு உருப்பட்டா?” என்றாளே, அது சுட்டது. நான் அங்கேதான் ஐந்தாம் வகுப்பு முடித்தேன். பேங்கில் கையெழுத்துப் போடுகிறேன், பேப்பரை வரி விடாமல் படிக்கிறேன். உருப்படாமல்தான் இவளுக்கு மாமியார் ஆனேனா?

ஜூலை 22

புதுக் கட்டடம் வேண்டுமா என்று பார்க்க ஒன்றிய அலுவலகத்து என்ஜினியர் ஹரிஷங்கர் வந்தார். சின்ன வயசு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. இன்று விசேஷம் ஏதும் இல்லை. கூடம் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய ஹால் இருக்கும்போது கட்டடம் எதற்கு என்று தலைமையாசிரியை ஜெஸி டீச்சரிடம் கேட்டாராம். ஆகஸ்ட் 23 திரும்ப வந்து பார்த்து முடிவு எழுதுவாராம்.

வரட்டும்.

ஜூலை 23

காலண்டரைப் பார்த்தேன். ஆகஸ்ட் 23 வெள்ளிக்கிழமை, முகூர்த்த நாள். சின்னப் பேரன் கிரீஷுக்குக் காது குத்த வேண்டியிருக்கிறது. கோயிலில் மண்டபம் எடுக்கலாம் என்றான் மகன். செலவு எதற்கு, நம்மூர்க் கூடம் இருக்கே என்றேன். அத்தைக்கு இம்புட்டுச் சிக்கனம் எப்போது வந்தது என்று மருமகள் என்னையே பார்த்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஜூலை 30

ஜெஸி டீச்சரிடம் ஒரே ஒரு உதவி கேட்டேன்: அன்றைக்கு மட்டும் லீவு விடக்கூடாது. “எனக்கு வேல போயிரும்மா” என்றார். பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைப்பதற்கு யார் வேலையைப் பறிப்பார்கள் என்றேன். யோசித்தார். அப்புறம் சிரித்துவிட்டார்.

ஆகஸ்ட் 23

கால் வலிக்கிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

என்ஜினியர் வந்தபோது கூடத்தில் ஒரு பக்கம் பந்திக்கு இலை விழுந்துகொண்டிருந்தது. மறுபக்கம் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள். குழாய் ரேடியோ அலறியது. கிரீஷ் அதற்கு மேல் அலறினான். சாம்பார் வாளிக்காரர் நாலாம் வகுப்புக்குள் நுழைந்து ஐந்தாம் வகுப்பு வழியாக வெளியே வந்தார்.

“ஸ்கூல் எங்க?” என்று கேட்டார் என்ஜினியர். மேடையில் மாட்டியிருந்த காதணி விழா ஃபிளெக்ஸை ஜெஸி டீச்சர் ஒரு ஓரமாகத் தூக்கிக் காட்டினார். பின்னால் கரும்பலகை. அதில் பின்னக் கணக்கு.

“இதான் சார்.”

அவர் அந்தக் கணக்கையே பார்த்தார். கையைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்தேன். விசேஷ வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் போகலாமா? இரண்டாம் தடவை ரசம் வாங்கும்போது அவரே மெல்லச் சொன்னார்: “நாலு ரூம் கேட்டு எழுதுறேம்மா.”

எங்கள் பக்கம் விசேஷத்தில் மொய், சீர் என யார் என்ன செய்முறை செய்தார் என்று மைக்கில் சொல்வது வழக்கம். மைக் பிடித்தவன் பேயாண்டி. நான் அந்தப் பக்கம் போனதும், “யத்தே, இஸ்திரிச் சட்டைக்காரரு செய்முறை என்ன?” என்று கேட்டான். என் வாயில் என்ன வந்து உட்கார்ந்ததோ.

“நாலு ரூம்டா.”

அவனுக்குக் காதில் விழுந்தால் போதும். “ஒன்றிய என்ஜினியர் ஹரிஷங்கர் அவர்கள் செய்முறை... பள்ளிக்கூடத்துக்கு நாலு ரூம்... நாலு ரூம்...”

பொம்பளைகள் குலவை போட்டார்கள். அவருக்குப் புரையேறியது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். மைக்கில் சொன்ன செய்முறையை இல்லை என்று சொன்னவர் எங்கள் பக்கம் யாரும் கிடையாது.

ஆகஸ்ட் 28

எந்தப் பயலோ அதைப் போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டான். உங்க அப்பன் வீட்டுச் சொத்தா நாலு ரூம் செய்ய என்று மேலதிகாரி என்ஜினியரைக் கேட்டாராம். என்ஜினியர் ஜெஸி டீச்சருக்குப் போன் போட்டுச் சத்தம். டீச்சர் என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவராத்தான் எழுதுறேன்னாரே... ரசத்தக் குடிச்சுட்டுப் பேசாமப் போயிருப்பாரு. கெடுத்துட்டேனோ? அந்தப் பொம்பளைக்கு ஏதும் வந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போவேன்?

ஆகஸ்ட் 29

சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 17

என்ஜினியர் டேப்போடு வந்து காலியிடத்தை அளந்தார். என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் நின்றார். காப்பி கொண்டுபோய் நீட்டினேன். டீச்சர்மேல் தப்பில்லை, எல்லாம் என் வாய்தான் என்றேன். டம்ளரை வாங்கினார்.

“எம்புட்டுப் படிச்சிருக்கீங்க?”

“அஞ்சு.”

“அதுக்கு மேல படிச்சிருந்தா எங்க ஆபீசு தாங்கியிருக்காது.”

காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார். இன்று ராத்திரி ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 11, 2025

உத்தரவு வந்துவிட்டது. மூன்று ரூம். நாலு சொல்லி மூணா என்று பேயாண்டி குதித்தான். பாக்கியை மைக்கில் கேட்கப் போகிறானாம். நீ வாயைத் திறந்தால் உன் மைக்கைக் கிணற்றில் போடுவேன் என்றேன்.

மே 20

அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். ஸ்ரீலக்ஷ்மி தினமும் ஒரு நடை போய்ப் பார்த்து வருகிறாள். என்னிடம் சொல்லவில்லை. செருப்பில் செம்மண். வேன்காரர் போன் செய்தபோது, “இந்த ஒரு வருஷம் போகட்டும்ணே” என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. நான் தூங்குவதாக நினைத்திருக்கிறாள்.

ஜனவரி 19, 2026

பொங்கல் லீவு முடிந்து ஸ்ரீஜாவுக்குப் புது ரூமில் வகுப்பு. சுண்ணாம்பு வாடை இன்னும் போகவில்லையாம். சன்னலில் இருந்து சமணர் மலை தெரிகிறதாம். பாடத்தைப் பார்க்கச் சொன்னால் மலையைப் பார்த்திருக்கிறாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

என்ஜினியர் மகளுக்குத் திருப்பரங்குன்றத்தில் இன்று காதுகுத்து. போன வாரமே போனில் கூப்பிட்டார். “கண்டிப்பா வாங்கம்மா. மைக்குக்காரர மட்டும் கூட்டிட்டு வந்துராதீங்க.”

செய்முறை திரும்பச் செய்ய வேண்டுமே, மூன்று ரூமுக்கு நான் எங்கே போவேன்? ஒரு வெள்ளிக் கொலுசு வாங்கி வைத்திருக்கிறேன்.

நம் கூடத்திலும் இன்று ஒரு சடங்கு. விடிந்ததிலிருந்து குழாய் ரேடியோ அலறுகிறது. பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் இதை எழுதுகிறேன். தனியாகத்தான் போகிறேன். என்னோடு வருவதற்கு ஸ்ரீஜா லீவு கேட்டாளாம். ஜெஸி டீச்சர் தரவில்லை.