உன் குரலுக்கு நான் கொடுக்காத இடம்

என் சாமுவுக்கு,

ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு மாதம் நீ சிலேட்டில் எழுதினாய், நான் வாயால் பதில் சொன்னேன். இப்போது நான் எழுதுகிறேன். நீ பதில் எழுத மாட்டாய் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளேன். உயிரோடு இருந்திருந்தால் பாதிக் கடிதத்திலேயே என் சட்டையைப் பிடித்திருப்பாய்.

சபை இதழில் ஒரு பக்கம் கேட்டேன். "சாமுவேல் போயி அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சே, இப்ப இன்னா அஞ்சலி?" என்றார் நம் போதகர் ஐயர். ஆச்சுதான். சொல்ல வேண்டியது இப்போதுதான் வாய்க்கு வந்திருக்கிறது. பாடகர் குழுவில் உன் பக்கத்தில் நின்றவர்களும் தோல் கம்பெனியில் உன்னோடு ஷிப்ட் பார்த்தவர்களும் படிக்கட்டும். உன் கல்லறையில் போய் முணுமுணுத்துவிட்டு வந்து தப்பிக்கிற விஷயம் இல்லை இது.

முதலில் ஊர்ச் செய்தி. ஆம்பூரில் என் ரெக்கார்டிங் கடை இன்னும் இருக்கிறது. கேசட் போய், சிடி வந்து, இப்போது சிடியும் போய்க்கொண்டிருக்கிறது. பையன்கள் போனை நீட்டி, "அண்ணே, மெமரி கார்டுல ஐந்நூறு பாட்டு ஏத்திக் குடுங்க" என்கிறார்கள். சத்தத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிந்திருக்கிறது, எத்தனை பிட், எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்று ஒருத்தனும் கேட்பதில்லை. அதையெல்லாம் கேட்டு என் உயிரை வாங்கின ஒரே ஆள் நீதான்.

பாடகர் குழுவில் உன் இடத்தில் இப்போது இரண்டு பேர் நிற்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்தும் கீழ் சுருதி பாதிதான் வருகிறது. எஸ்தர் அண்ணி இன்னும் அதே பள்ளிக்கூடத்தில்தான் டீச்சர். உன் மகள் ஷெரின் வேலூரில் நர்சிங் படிக்கிறாள், இரண்டாம் வருஷம். உன்னைப் போலவே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேள்வி கேட்கிறாள். அந்த நெற்றியைப் பார்த்தால் நான் சிடி அடுக்குப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

அந்தச் சண்டை ஞாபகம் இருக்கிறதா? எங்கேயோ ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு வந்து, சிடியில் இருப்பது பதினாறு பிட், அது பத்தாது, இருபத்துநாலு பிட்டில் தொண்ணூற்றாறு கிலோஹெர்ட்ஸில் எடுத்தால்தான் நிஜமான சத்தம் என்றாய். சென்னைக்குப் போய் பழைய சவுண்ட் கார்டு ஒன்றை வாங்கிவந்து என் கம்ப்யூட்டரில் நீயே சொருகினாய். நான் சிரித்தேன். "டேய், நீ தோல் சீவுற ஷேவிங் மிஷின் பக்கத்துல பதினஞ்சு வருஷமா நிக்கிறவன். உன் காதுல பாதி போயிருக்கும். உனக்கு இருபத்துநாலு பிட்டா?" என்றேன். உனக்கு எப்படிக் கோபம் வந்தது!

சோதனை வைக்கலாம் என்று சொன்னதும் நீதான். உங்கள் கம்பெனியில் தோலைத் தரம் பிரிக்கிற ஆட்களைச் சோதிப்பார்களாமே, அடையாளம் போட்ட பக்கத்தைக் கவிழ்த்து, அடுக்கைக் கலைத்து, மறுபடியும் பிரிக்கச் சொல்வார்களாமே, அதே மாதிரி. நம் பாடகர் குழுவின் பாட்டு ஒன்றைப் பெரிய ஃபைலாகவும் சிடி அளவிலும் வைத்துக்கொண்டு, திரையைத் துணியால் மூடி, இரண்டையும் ஒரே சத்தத்தில் மாற்றி மாற்றிப் போட்டேன். நல்ல ஹெட்போன்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். பத்து தடவையில் ஐந்து சரி, ஐந்து தப்பு.

காசு சுண்டிப் போட்டாலும் அதுதானே வரும் என்று நான் குதித்தேன். நீ ஹெட்போனைக் கழற்றி வைத்தாய். பாக்கெட்டிலிருந்து அந்த கேஜை எடுத்தாய், தோலின் தடிமன் பார்க்கிற உன் குட்டி கேஜ். யோசிக்கும்போதெல்லாம் அதைத் திறந்து திறந்து மூடுவாய், டிக், டிக் என்று.

"சரிடா குமாரு, கேக்கறதுக்கு சிடியே போதும், ஒத்துக்கறேன். ஆனா எடுக்கும்போது பெருசாத்தான் எடுக்கணும். தோல ஒன்னு புள்ளி ரெண்டு மில்லிக்கு சீவிட்டேன்னு வை. நாளைக்கு வாங்கற பையர் வந்து ஒன்னு புள்ளி நாலு குடுன்னா எங்கடா போவேன்? சீவினது கீழ தூளாக் கெடக்கும். அத ஒட்ட முடியுமா?"

அப்போது நீ சொன்னதில் முதல் பாதிதான் என் காதில் விழுந்தது. ஒத்துக்கொண்டான், ஜெயித்துவிட்டேன், அவ்வளவுதான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். இன்றைக்கும் அந்த விஷயத்தில் நான் சொன்னது சரிதான், சாமு. வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறவனுக்கு சிடி போதும். அதற்கு மேல் செலவழிப்பது வீண். அந்தச் சரியை வைத்துக்கொண்டுதான் பெரிய தப்பைச் செய்தேன்.

உன் குரல் கம்மிப் போனது அடுத்த வருஷம். சளி என்றாய், தூசி என்றாய், கம்பெனி கெமிக்கல் என்றாய். வேலூர் ஆஸ்பத்திரியில் குரல்வளையில் கட்டி என்று சொல்லி, அதை முழுசாக எடுத்துத்தான் ஆக வேண்டும், அப்புறம் பேச்சு வராது என்றார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் ஆம்பூர் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினாய். "நாளைக்குக் கடைய சாத்திடு. என் குரல எடுக்கணும். இருக்கறதுலயே பெருசா எடு."

மறுநாள் காலை ஒரு மணி நேரம் எடுத்தோம். மூன்று பாட்டு. இடையிடையே இருமல், தண்ணீர், மறுபடியும் முதலிலிருந்து. குரல் கரகரத்தாலும் கீழே போகும்போது மேஜை அதிர்ந்தது. "லெவல கம்மியா வை, சத்தம் உடைஞ்சிடப் போவுது. இருபத்துநாலு பிட்டு தாங்கும், அப்புறமா ஏத்திக்கலாம்" என்றாய். நீ சொன்னபடியே குறைத்து வைத்தேன்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும், "ரெக்கார்டிங்க நிறுத்தாத. நீ போய் டீ சொல்லிட்டு வா" என்றாய். போனேன். திரும்பி வந்தபோது நீ நாற்காலியைப் பின்னால் தள்ளி, மைக்கை விட்டு விலகி உட்கார்ந்திருந்தாய். கண் சிவந்திருந்தது.

"கடைசில பாப்பாகிட்ட கொஞ்சம் பேசியிருக்கேன். இப்ப பன்னெண்டு வயசு, புரியாது. பதினெட்டு ஆனதும் குடு. நீ கேக்காத, இன்னா?"

"சத்தியமா கேக்க மாட்டேன்" என்றேன். அந்தச் சத்தியத்தை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினேன் பார், அதுதான் பேஜார்.

உன் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் இருக்கும். கல்யாண சீசன். கடையில் வேலை ஜாஸ்தி. கம்ப்யூட்டரில் இடம் இல்லை, இடம் இல்லை என்று திரையில் வந்துகொண்டே இருந்தது. எது பெரிசு என்று தேடினால் முதலில் நின்றது உன் ஃபைல். இரண்டு ஜிபி. ஒரு மனுஷன் பாடினதுக்கு இரண்டு ஜிபியா? பத்துக்கு ஐந்துதானே என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே எம்பி3 ஆக மாற்றினேன். அறுபது எம்பிக்குள் அடங்கிவிட்டது. மூன்று பாட்டையும் இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை. கடைசிப் பகுதியைக் கேட்கவில்லை. கேட்காதே என்று நீ சொல்லியிருந்தாயே.

எம்பி3ஐ சிடியில் எழுதி, மேலே உன் பெயரை எழுதி பீரோவில் வைத்தேன். பெரியதை அழித்தேன். அந்த இடத்தின் மேலேயே கல்யாண வீடியோக்கள் ஏறின.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒரு நாள் உன்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தேன். கழுத்தில் துளையோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாய். சிலேட்டில் எழுதிக் காட்டினாய்: "ஃபைல் பத்திரமா? 24 தானே?" நான் தலையாட்டினேன். நீ கட்டை விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாய். சத்தமில்லாத அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை, சாமு. அப்போதே சொல்லியிருந்தால் நீயே அதைக் காகிதத்தில் அவளுக்கு எழுதி வைத்திருப்பாயே. அதையும் கெடுத்தேன். சண்டாளன்.

ஷெரினுக்குப் பதினெட்டு முடிந்ததும் சிடியைக் கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்பி வந்தாள். "சித்தப்பா, பாட்டு நல்லா இருக்கு. கடைசில அப்பா நாலு நிமிஷம் ஏதோ பேசறாரு. ஒன்னும் புரியல. ஒரிஜினல் குடுங்க."

அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டேன். நாற்காலி நகர்கிறது. அப்புறம் எங்கோ தூரத்தில் நீ. சத்தத்தை ஏற்றினேன். ஏற்ற ஏற்ற உன் பேச்சு வரவில்லை, தண்ணீருக்கு அடியில் யாரோ முனகுகிற மாதிரி ஒரு குழப்பம்தான் வந்தது. கம்மியான லெவலில், மைக்கை விட்டு விலகி, கம்மின குரலில் நீ பேசினதை, இது யாருக்கும் கேட்காது என்று அந்த எம்பி3 வழித்து எறிந்திருந்தது. பெரிய ஃபைல் இருந்திருந்தால் ஏற்றியிருக்கலாம். நீ சொன்னாயே, அப்புறமா ஏத்திக்கலாம் என்று. சீவின தூளுக்கு நான் எங்கே போவேன்?

ஒன்றே ஒன்று தெளிவாகக் கேட்டது. "நடுவுல டிக் டிக்னு வருதே, அது இன்னா சித்தப்பா?" என்றாள். "உங்கப்பா கேஜு. யோசிச்சா அதத் தொறந்து மூடுவாரு" என்றேன். அவள் அதை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டாள். ஒரிஜினலைத் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பழைய கம்ப்யூட்டர் என்றேன், எடுத்து வைத்தேன் என்றேன், ரிப்பேர் என்றேன். ஒரு வருஷம் இப்படியே ஓட்டினேன்.

எஸ்தர் அண்ணி ஒரு நாள் தனியாக வந்தார். "இன்னா பேசியிருக்கப் போறாரு? நல்லாப் படி, அம்மாவப் பாத்துக்க, அவ்ளோதான். நீதான அன்னிக்குக் கூட இருந்த, அப்பா இப்படிச் சொன்னாருன்னு சொல்லிடேன் தம்பி. பொண்ணு அதையே நெனைச்சிக்கினு கெடக்குது" என்றார். எவ்வளவு சுலபம்! நம்பியும் இருப்பாள். வீட்டில் உட்கார்ந்து நாலு வரி எழுதிக்கூடப் பார்த்தேன். எழுதினதைப் படித்தால் அது உன் பேச்சாகவே இல்லை. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஷெரினைக் கடைக்கு வரச்சொன்னேன். எல்லாம் சொன்னேன். அந்தச் சோதனை, சிரித்தது, அழித்தது, சிலேட்டுக்குத் தலையாட்டினது, இந்த ஒரு வருஷப் பொய், எல்லாம். அவள் அழவில்லை. உன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"அது எவ்ளோ எடம் புடிச்சது சித்தப்பா?"

"ரெண்டு ஜிபி மா."

கைப்பையிலிருந்து ஹாஸ்டல் சாவிக்கொத்தை எடுத்தாள். அதில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பென் டிரைவ் தொங்கியது. கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"இது நாலு."

அவ்வளவுதான். எழுந்து வாசல் வரை போனாள். என்னை நாலு அறை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன், சாமு. ஒரு குட்டி பென் டிரைவில் உன்னை இரண்டு தடவை வைக்கலாம். அந்த இடத்துக்காக உன்னை அழித்திருக்கிறேன்.

வாசலில் நின்று திரும்பாமலே சொன்னாள். "வர ஞாயித்துக்கிழமை அம்மாவக் கூட்டினு வர்றேன். அம்மா குரல எடுங்க. பெருசா எடுங்க. எடுத்து இதுல போட்டு எங்கிட்ட குடுத்துடுங்க. நீங்க வெச்சிக்க வேணாம்."

நான் வைத்துக்கொள்ள வேண்டாம். சரிதானே? என்னிடம் எதற்குக் கொடுக்க வேண்டும்?

சாமு, நீ அவளிடம் என்ன சொன்னாய்? அந்த நாலு நிமிஷத்தில் உன்னைத் தவிர யாருக்கும் தெரியாதது என்ன இருந்தது? இனி யாரும் சொல்லப் போவதில்லை. உன் வாயில் நான் ஒரு வார்த்தையும் போடமாட்டேன், இது சத்தியம். ஞாயிற்றுக்கிழமை அண்ணி பாடி முடித்துப் பேச ஆரம்பிக்கும்போது நான் வெளியே போய் நிற்பேன். எடுத்ததைக் கடைசி நொடி வரை ஷெரினையே கேட்க வைத்து, எல்லாம் இருக்கிறது என்று அவள் வாயால் சொன்ன பிறகுதான் பென் டிரைவை அவள் கையில் கொடுப்பேன். உன் பழைய சவுண்ட் கார்டைத் துடைத்துச் சொருகிவிட்டேன். இன்னும் வேலை செய்கிறது.

உன் பிள்ளை இன்னமும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். அதற்காகவாவது,

ஷெரினின் சித்தப்பா,
குமார்