மூலையில் தொங்கும் சிவப்புத் தூளி

மார்ச் 16

இன்று வந்துவிட்டது. பகலைப் பற்றிப் பயமில்லை. எழுந்து போகலாம், மாற்றலாம், கழுவலாம். ராத்திரிதான் பயம்.

புவேப்லாவில், என் அம்மா வீட்டில், கட்டில் உண்டு. பழைய துண்டை நாலாக மடித்துப் போட்டுப் படுப்பேன். கறை பட்டாலும் அம்மாவும் நானும் சேர்ந்து அலசிவிடுவோம். யுகாத்தானில், நான் வாழ வந்த இந்த வீட்டில், கட்டிலே கிடையாது. பிறந்த குழந்தையிலிருந்து கிழம்வரை எல்லோருக்கும் நூல்வலைத் தூளிதான். படுத்தால் உடம்பு வளைந்து நடுவில் இறங்கிவிடுகிறது. நாப்கின் ஒரு பக்கம் ஒதுங்குகிறது, துண்டு சுருண்டு காலடிக்குப் போகிறது.

அதிலும் என் தூளி பால் வெள்ளை. ஜனவரியில் கல்யாணத்துக்காக அத்தை தன் கையால் பின்னியது. அதில் ஒரு சொட்டுப் பட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? இருப்பதோ ஒரே அறை. அத்தை, நாத்தனார் நெய்டி, நான். என் புருஷன் வில்பெர்த்துக்குக் கான்குனில் ஹோட்டல் கட்டுகிற வேலை. மாதக் கடைசியில் இரண்டு நாள் வந்து போவான்.

போன மாதம் உட்கார்ந்தே விடிய வைத்தேன். இந்த முறை, அவர்கள் தூங்கியதும் சிமெண்டுத் தரையில் இறங்கிப் படுக்கப் போகிறேன்.

மார்ச் 17

இடுப்பு விட்டுப் போச்சு. சுவரோரம் ஒரு தேள். அதுவும் நானும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டோம். பிறகு அது போய்விட்டது.

மார்ச் 22

வில்பெர்த் போன் பண்ணினான். "என்னடி, சத்தமே காணோம்?" பின்னால் எந்திரத்தின் இரைச்சல். இங்கே பக்கத்திலேயே அத்தை பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். எப்படிச் சொல்வது?

"தூக்கம் சரியில்ல" என்றேன்.

"தூளி பழகிடும்" என்றான்.

இங்கே எல்லாமே எனக்குத்தான் பழகணும்.

ஏப்ரல் 13

மறுபடியும் தரை.

மூலையில் ஆணியில் ஒரு கருஞ்சிவப்புத் தூளி சுருட்டித் தொங்குகிறது. அதைக் கேட்கலாமா என்று பத்துத் தடவை யோசித்தேன். மாமனாருடையதாக இருக்கும். நெய்டிகூடச் சில நாள் அதில் படுப்பாள், அப்பா ஞாபகம் வந்தால் போலிருக்கிறது. செத்தவர் படுத்த தூளியை நேற்று வந்தவள் கேட்பதா, அதுவும் இதற்கு? கேட்காமல் விட்டுவிட்டேன்.

நாப்கினைக் குப்பையோடு குப்பையாக எரித்தேன். யாராவது வருகிறார்களா என்று பார்த்துப் பார்த்து. என் உடம்புக்கு நானே திருடி மாதிரி — ஏன்?

ஏப்ரல் 24

அத்தை மாறிவிட்டார்! சாயா கீரையில் முட்டை போட்டு எனக்கு மட்டும் இரண்டாவது தட்டு. கிணற்றுப் பக்கம் போனால் நெய்டி வாளியைப் பிடுங்கிக்கொள்கிறாள். "நீ ராணி மாதிரி உக்காரு அண்ணி." கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

குளிக்கும்போது அழுதேன். சந்தோஷம்தான். இந்த வீட்டில் என்னையும் ஓர் ஆளாகப் பார்க்கிறார்கள்.

மே 5

அத்தை மஞ்சள் நூலில் சின்னதாக ஒரு தூளி பின்னுகிறார். யாருக்கு என்று கேட்டேன்.

"வாய மூடு. சொன்னா கண் பட்டுடும்." சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்த்தார்.

ஐயோ. அதுவா?

நான் எதுவுமே சொல்லவில்லையே! எதை வைத்து நினைத்தார்கள்? உடனே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்த இரண்டாவது தட்டு போய்விடும். தட்டுக்காக இல்லை. அதை நீட்டும்போது அத்தை என்னைப் பார்க்கிற பார்வை — அது போய்விடும். சொல்லவில்லை.

மே 10, அன்னையர் தினம்

விடியற்காலையில் வந்துவிட்டது. மத்தியானம் வில்பெர்த் வந்தான். அத்தைக்குப் பூங்கொத்து கொடுத்தான். பிறகு என்னிடமும் ஒன்றை நீட்டினான். "அம்மா சொல்லிட்டாங்க" என்று காது வரைக்கும் சிரிப்பு.

வாங்கக் கை வரவில்லை.

"இல்ல வில்பெர்த். எனக்கு இன்னைக்கு வந்திருக்கு. மாசா மாசம் வந்துட்டுத்தான் இருக்கு."

"பொய்! நீ ஒரு தடவகூட செவப்ப எடுக்கலையே அண்ணி" என்று நெய்டி மூலையைக் காட்டினாள்.

"அது உங்க அப்பாவோடதுன்னு..."

"அப்பாவோடதா? யாருக்கு வந்திருக்கோ அவங்க எடுத்துக் கட்டிக்கத்தான் அது! நான் என்ன, அப்பாவ நெனச்சு உருகிட்டா அதுல படுத்தேன்?"

யாரும் சிரிக்கவில்லை. அத்தை மட்டும் கேட்டார். "அப்ப ராத்திரியெல்லாம் நீ எங்க படுத்த?"

"தரையில."

அவர் மஞ்சள் நூலை ஒரு பைக்குள் போட்டுக் கட்டினார். வில்பெர்த் என் பூவைத் தண்ணீரில் வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றான். போய் அவன் பக்கத்தில் நிற்கத் தோன்றியது, நிற்கவில்லை. ராத்திரி, கடைசி முறையாகத் தரை.

மே 11

வில்பெர்த் காலை பஸ்ஸில் போய்விட்டான். போகும்போது தலையைத் தொட்டான், அவ்வளவுதான்.

பொழுது சாய்ந்ததும், அவர்கள் இரண்டு பேரும் பார்க்கும்போதே, ஆணியிலிருந்து சிவப்பை எடுத்துக் கட்டினேன். ஏறிப் படுத்தேன்.

"அண்ணி, பொணம் மாதிரி நேரா படுத்தா எல்லாம் நடுவுலதான் எறங்கும். குறுக்கால படு" என்றாள் நெய்டி. தலையை ஒரு ஓரத்துக்கும் காலை எதிர் ஓரத்துக்கும் கொண்டுபோனேன். வலை விரிந்து சமமானது. துண்டும் போட்ட இடத்திலேயே நின்றது.

அத்தை இன்னும் பேசவில்லை.

மே 12

விடிந்ததே தெரியவில்லை. வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் எழுந்தேன். அத்தை கடைக்குப் போயிருந்தார். என் இடத்தில் இரண்டு தட்டுகளை மூடி வைத்திருந்தார். இரண்டாவதில் முட்டை போட்ட கீரை.